அரசரின் பலசரக்குக்காரர்: சேர் தோமஸ் லிப்டன் சரிதம்

முடி சூடியவரை ஒருமுறையேனும் கண்ணாரக் காணவேண்டும் என்னும் ஆசை நம் மக்களுக்கு மிகப் பழையது. வீதியிற் பவனி வரும் வேந்தனை ஏழு பருவத்துப் பெண்டிரும் கண்டு மயங்குவதாகப் பாடுதற்கென்றே உலா என்னும் பிரபந்த வகை ஒன்றைத் தனியாக வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. 1815ஆம் ஆண்டிற் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் பிடிபட்டு, பின்னர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டதன் பிறகு, இத்தீவிற் பவனி வருவதற்கு மன்னர் எவரும் இல்லாது போயினர். ஆசை மட்டும் எஞ்சி நின்றது. அதை நிறைவேற்றக் கடல் கடந்து வந்தவர்கள் ஆங்கில அரச குடும்பத்தார்.

1870இல் எடின்பரோக் கோமகன் அல்பிரட் இளவரசர் வந்தார். யானை பிடிக்கும் காட்சியை அவருக்குக் காட்டினார்கள். 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் எட்வேட் வந்து, கண்டியிற் பெரஹரா கண்டு, காட்டிலே யானை சுட்டுச் சென்றார். 1901இல் அவர் மைந்தர் ஜோர்ஜும், 1922இல் பேரர் எட்வேட்டும் வந்தனர். 1934இல் வந்த குளொஸ்டர் கோமகன் கண்டி மன்னரின் சிம்மாசனத்தைத் திரும்பக் கொண்டுவந்து தந்தார். கொண்டுபோனவர்களே கொண்டுவந்து தருவதைக் காணவும் பெருங்கூட்டம் கூடியது என்பதை நினைக்கையில் நமக்குச் சிரிப்பும் வருகிறது, பெருமூச்சும் வருகிறது.

நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது இவர்களுள் எவருடைய சரிதமும் அன்று. அரசரைக் காணும் ஆவல் மக்கள் நெஞ்சில் எவ்வளவு வலிமையுடன் வேரூன்றியிருக்கிறது என்பதை நன்கு கண்டறிந்து, அதனையே தம் வாணிகத்துக்கு முதலாக்கி, ஈற்றில் அரசரின் பந்தியிலேயே சரியாசனம் பெற்ற ஒரு பலசரக்குக் கடைக்காரரின் சரிதம் இது. அவர் ஏறிச் சென்ற ஏணியின் படிகளுட் பல, நம் ஊவா மலைகளில் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தில் நடப்பட்டவை. ஆதலால் அவரைப் பற்றி அறிந்துகொள்ளும் உரிமை பதுளைப் பகுதியிலிருந்து வந்து நம் கல்லூரியிற் பயின்ற மாணவர்களுக்குப் பிறரினும் அதிகம் உண்டு. அவர் பெயர் பொறித்த தேயிலைப் பைக்கற்றைக் காணாத வீடு இந்நாட்டில் அரிது. அவர் யார் என்று கேட்டால் விடை சொல்வோர் அதனினும் அரியர்.

தோமஸ் ஜோன்ஸ்டன் லிப்டன் ஸ்கொத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரிலே 1848ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் பிறந்தார். தாம் பிறந்தது 1850 என்றே அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். இரண்டு வயது குறைத்துச் சொல்வதில் அவருக்கு என்ன இன்பமோ நாமறியோம். பெற்றோர் அயர்லாந்தின் மொனகன் பகுதியிலுள்ள குளோன்ஸ் என்னும் ஊரினர். உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்து, அயர்லாந்து மக்கள் இலட்சக்கணக்கிற் பட்டினியால் மடிந்த பஞ்சக் காலத்திற் பிழைப்புத் தேடிக் கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், தமிழகத்திலே பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சித் தோணியேறிய நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தனர் என்பதை வாசகர் இவ்விடத்தில் நினைவிற் கொள்வாராக. பசிக்குப் பிறந்த நாடு புறம்பன்று.

கிளாஸ்கோவின் ஏழைகள் வாழும் பகுதியில் பெற்றோர் சிறு கடையொன்று வைத்தனர். பன்றியிறைச்சி, வெண்ணெய், முட்டை ஆகியன அயர்லாந்திலிருந்து கப்பலில் வரும். சிறுவன் தோமஸ் பாடசாலைக் கல்வியை விரைவிலேயே விட்டான். கடிதாசிக் கடையில் ஏவலாளாகவும், சட்டை தைக்கும் இடத்தில் துணி வெட்டுவோனாகவும், கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலில் எடுபிடிப் பையனாகவும் வேலை செய்தான். கடையில் முட்டை விற்கும் வேலையைத் தாயாரிடமே விடவேண்டும் என்று அவன் தந்தைக்கு யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. தந்தையின் பெரிய கையிற் சிறிதாகத் தோன்றும் முட்டை தாயாரின் சிறிய கையிற் பெரிதாகத் தோன்றுமாம். பின்னாளில் அவரே பலமுறை சொல்லி மகிழ்ந்த கதை இது. பொருளைவிடப் பொருளின் தோற்றமே விலைபோகும் என்னும் சூத்திரத்தை அவர் எவ்வளவு இளமையிற் பற்றிக்கொண்டார் என்பதற்காக இதனை இங்கே குறித்தோம்.

பதின்பருவத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வேர்ஜீனியாவிற் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் வயலிலும் கூலி வேலை செய்தார். பின்னர் நியூயோர்க் நகரிற் பெரிய கடையொன்றிலே பலசரக்குப் பகுதியில் அமர்ந்து, அமெரிக்கர் சரக்கை அடுக்கும் அழகையும் விளம்பரம் செய்யும் ஆரவாரத்தையும் கண்டு கற்றுக்கொண்டார். தோட்டக் கூலியாக உழைத்த கை அவருடையது என்பது நம்மிற் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். அந்த அனுபவம் பிற்காலத்தில் அவரைத் தோட்டத் தொழிலாளர்பால் இரக்கமுடையவராக ஆக்கியதா என்னும் வினாவுக்கு நாம் பின்னர் வருவோம்.

ஊர் திரும்பி, 1871 மே 10இல், தம் பிறந்தநாளன்றே, கிளாஸ்கோவின் ஸ்டொப்குறொஸ் வீதியில் தம் முதற் கடையைத் திறந்தார். இடைத்தரகரை விலக்கி, உற்பத்தி செய்வோரிடமே நேரிற் கொள்முதல் செய்து, குறைந்த விலைக்குக் காசுக்கே விற்பது அவர் கொள்கை. மற்றொன்று விளம்பரம். கொழுத்த பன்றிகளுக்கு அலங்காரம் செய்து, லிப்டனின் அநாதைகள் என்று எழுதிய பதாகையோடு நகர வீதிகளில் ஓட்டிச் செல்வித்தார். 1881இல் அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாற்கட்டி ஒன்றை வரவழைத்து, நத்தார்க் காலத்தில் அதனுள்ளே பொற்காசுகளைப் பதித்துத் துண்டு போட்டு விற்றார். கூட்டத்தை அடக்கப் பொலிசார் வரவேண்டியதாயிற்று. ஊரார் திரண்டு வேடிக்கை பார்க்க எதைச் செய்தாலும் அது கடைக்கு வாடிக்கையாக முடியும் என்பது அவர் கண்ட உண்மை. 1880களின் இறுதியில் அவருடைய கடைகள் பிரித்தானியா எங்கும் நூற்றுக்கணக்கில் இருந்தன.

ஊரைத் திரட்டுவதில் அரச பவனியை மிஞ்சிய வேடிக்கை வேறில்லை. 1887இல் விக்ரோறியா மகாராணியாரின் ஐம்பதாண்டுப் பொன்விழா வந்தபோது, ஐந்து தொன் நிறையுள்ள பாற்கட்டி ஒன்றைச் செய்வித்து மகாராணியாருக்குக் காணிக்கையாக அளிக்க விரும்புவதாக லிப்டன் விண்ணப்பித்தார். தமக்கு நேரில் அறிமுகமில்லாத தனியாரிடமிருந்து பரிசில் ஏற்பதில்லை என்னும் வறண்ட மறுமொழி அரண்மனையிலிருந்து வந்தது. வேறொருவராயின் வெட்கி ஒதுங்கியிருப்பார். லிப்டனோ தாம் மகாராணியாருக்குப் பரிசில் அளிக்க முற்பட்ட செய்தியே பத்திரிகைகளில் வெளிவந்துவிட்டது என்று திருப்தியுற்றார். அறிமுகமில்லாதவர் என்பது தானே குறை? அதை நீக்கிக்கொள்ளப் பதினோராண்டு பிடித்தது. அந்தப் பதினோராண்டின் நடுவிலேதான் ஊவா வருகிறது.

ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1886இல். அதற்கு முன்னரே அதன் செல்வம் அழிந்துகொண்டிருந்தது. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் ஆண்டுதோறும் பரவிக் கோப்பிச் செடிகளைப் பட்டுப்போகச் செய்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் கைவிட்டுப் போன தோட்டங்கள் மலிவாக விலைக்குக் கிடந்தன. மறுபுறத்தில், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துறையில் 19 ஏக்கரில் நட்டுக் காட்டிய தேயிலை, எங்கும் கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

1889இல் லிப்டன் தம் கடைகளில் தேயிலை விற்கத் தொடங்கினார். அக்காலத்திற் பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கப்படும். இறாத்தல் ஒன்று மூன்று சிலிங்குவரை விலைபோகும். ஏழையின் வீட்டுக்கு அது எட்டாத விலை. லிப்டன் ஏறக்குறைய அதன் பாதி விலைக்குக் கொடுக்க முனைந்தார். அதற்கு இலண்டன் தரகரை விலக்கவேண்டும்; அவரை விலக்கத் தோட்டமே தம்முடையதாக வேண்டும். 1890இல் ஆஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறியவர், கொழும்பில் இறங்கி மலைநாட்டுக்கு வந்தார். புகையிரதம் அப்போது நானுஓயாவரையே ஓடியது. அப்புத்தளைக்கு அது வந்தது 1893இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல். அப்பயணத்தில் அவர் வாங்கிய தோட்டங்களுள் முதன்மையானவை ஊவாவின் தம்பேதன்னை, லேமஸ்தோட்டை, மொனரகந்தை ஆகியன. தம்பேதன்னையில் அவர் எழுப்பிய தேயிலை ஸ்டோர் இன்றும் நிற்கிறது. செங்குத்தான மலைகளிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பி வழியே வழுக்கி இறக்கும் ஏற்பாட்டையும் அவர் செய்தார்.

ஊவாத் தேயிலையின் சிறப்பை இங்கே சற்றுச் சொல்லாமல் விடுவது நம்மவர்க்கு நாமே செய்யும் குறையாகும். ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கு மலைகளிலே மழையைக் கொட்டிவிட்டு வரண்டு வருகின்ற கச்சான் காற்று, ஊவாவின் சரிவுகளில் இரவும் பகலும் வீசும். அக்காற்றில் வாடுகின்ற செடி தன் கொழுந்திலே ஒருவகை மணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. நாவிற் குளிர்ச்சி தோன்றச் செய்யும் அந்த மணம் வேறு மலைத் தேயிலைக்கு வாய்ப்பதன்று. இலண்டனில் அதற்குத் தனி விலை. காற்றும் மண்ணும் ஒருபுறமிருக்க, அந்தக் கொழுந்தை அந்த மாதங்களின் காற்றிற் குளிரக் குளிர நின்று கிள்ளிய விரல்கள் யாருடையவை என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்கு ஆட்கள் வந்து போனார்கள். தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து விடுவது. ஆகையால் ஆண்டு முழுதும் கையும் வேண்டும். அதிலும் பெண்களின் கை வேண்டும். எனவே திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் குடும்பங்களாகக் கங்காணிமார் அழைத்துவந்து லயங்களிற் குடியேற்றினர். வந்த வழிச்செலவு முதற்கடன். அது கங்காணியின் துண்டிலே ஏறும். துண்டு தீராமல் தோட்டம் மாறமுடியாது. இருள் பிரியுமுன் தப்பு ஒலிக்கும். பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவர். பிந்தி வந்தாலும் கொழுந்தின் நிறை குறைந்தாலும் அரைப்பேர் விழும். துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டது 1921இல். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1927இல். லிப்டனுடைய தோட்டம் இவற்றிற் பிற தோட்டங்களினும் கொடியதாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. அவர் தமக்கு முன்னிருந்த முறையை உள்ளபடியே எடுத்துக்கொண்டார். நெல் வயலிற் கூலி செய்த கையுடையவர் அவ்வளவோடு அமைந்துவிட்டாரே என்பதே நம் குறை.

ஸ்டோரிலே வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, காய்ச்சிய தூள், இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் பைக்கற்றுகளாகக் கட்டப்பட்டு அவர் கடைகளுக்குச் சென்றது. ஒவ்வோர் ஊரின் தண்ணீரையும் சோதித்து, அவ்வூர்த் தண்ணீருக்கேற்ற கலவையை அவ்வூருக்கு விற்றார். தோட்டத்திலிருந்து நேரே குடிப்பவரின் கோப்பைக்கு வருவது என்பதே அவருடைய விளம்பரத்தின் சாரம். அதற்குச் சான்றாக அவர் தகரப்பேணிகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சிடுவித்த படம், கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் உருவம். முகத்திற் புன்னகை, கழுத்தில் நகை, பின்னே பசுமலை. முட்டையைத் தாயாரின் கையிற் கொடுத்த அதே சூத்திரம்! உலகத்தில் அதிகம் பேர் கண்ட தமிழ்ப் பெண்ணின் முகம் அக்காலத்தில் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் அவளுக்குப் பெயர் இல்லை.

விளம்பரத்தில் அவருக்கிருந்த தீவிரத்துக்கு மற்றொரு கதையும் உண்டு. இதுவும் அவரே சொன்னது. அவர் சென்ற கப்பல் ஒருமுறை செங்கடலிலே தரைதட்டிற்று. பாரம் குறைக்கச் சரக்குகளைக் கடலில் எறிந்தார்கள். மற்றவர் உயிரை நினைத்துக் கலங்கியிருக்க, இவர் வர்ணமும் தூரிகையும் தேடியெடுத்து, எறியப்படும் பொதிகளிலெல்லாம் தம் தேயிலையை அருந்துமாறு எழுதிக்கொண்டிருந்தாராம். கரையொதுங்கும் பொதியை எவரேனும் வாசிப்பாரல்லவா?

1895இல் மகாராணியாரின் அரண்மனைக்குத் தேயிலை வழங்குபவர் என்னும் உரிமைப் பத்திரம் லிப்டன் கம்பனிக்குக் கிடைத்தது. பாற்கட்டியை ஏற்க மறுத்த வாயில் தேயிலைக்குத் திறந்தது. 1897இல் அறுபதாண்டு வைரவிழா. பேரரசெங்கும் கொண்டாட்டம், நுவரெலியாவிலுள்ள விக்ரோறியாப் பூங்கா அவ்விழாவின் நினைவாக எழுந்ததே. இலண்டனிலோ வேல்ஸ் இளவரசி அலெக்சாந்திரா, அந்நகரத்து ஏழைகள் எல்லாருக்கும் விழாநாளில் ஒருவேளை நல்லுணவு அளிக்க விரும்பி, நகரபிதா மூலம் பொருள் வேண்டினார். தேவைப்பட்டது 30,000 பவுண். பிரபுக்களிடமிருந்து பணம் துளித்துளியாகவே வந்தது. இளவரசியின் பெயருக்கு இழுக்கு நேருமோ என்று பலரும் கவலைப்பட்டிருந்த வேளையில், பெயர் தெரிவிக்க விரும்பாத ஒருவர் 25,000 பவுண் அனுப்பினார். யார், யார் என்று நகரமெங்கும் ஒரே பேச்சு. சின்னாளில் அவர் லிப்டன் என்பது வெளியாயிற்று. விளம்பரமே உயிராக வாழ்ந்தவர் ஒருமுறை பெயரை மறைத்தார். அதுவே அவர் வாழ்வின் மிகப்பெரிய விளம்பரமாக முடிந்தது. அவர் அதைக் கருதியே செய்தாரா, உண்மை ஈகையாற் செய்தாரா என்று வாதிடுவோர் இன்றும் உளர். பட்டினியால் ஊர்விட்டுவந்த குடியில் உதித்தவருக்கு ஏழையின் பசி தெரியாமலிராது என்பதே நம் கருத்து. இரண்டும் ஒரு மனத்தில் ஒருங்கே இருத்தல் கூடாததன்று. அவ்விருந்தில் உண்டவர் முந்நூறாயிரத்துக்கும் மேற்பட்டவர்.

1898இல் அவர் சேர் தோமஸ் ஆனார். பதினோராண்டுக்கு முன் அறிமுகமற்றவர் என ஒதுக்கியவர் கையாலேயே பட்டம்! அவ்வாண்டே தம் வாணிகத்தைப் பொதுக் கம்பனியாக்கினார். பங்கு வாங்கப் பெருங்கூட்டம் முண்டியடித்தது. அலெக்சாந்திரா இளவரசியின் பெயரால் ஏழைகளுக்கு மலிவு உணவுச்சாலை அமைக்க 100,000 பவுண் கொடுத்தார். 1901இல் எட்வேட் அரியணை ஏறியதும் அரச விருதும், 1902இல் பரனெற் பட்டமும் வந்தன.

அரசரோடு அவரை நெருங்கச் செய்தது தேயிலை மட்டுமன்று, கடலும் ஆகும். எட்வேட் மன்னருக்குப் பாய்க்கப்பற் பந்தயத்தில் மிகுந்த பிரியம். லிப்டன் எரின் என்னும் அழகிய நீராவி உல்லாசக் கப்பலை வாங்கினார். அதன் தளத்தில் மன்னரும் அரசியாரும் விருந்துண்டனர். அமெரிக்கர் வசமிருந்த அமெரிக்கக் கிண்ணம் என்னும் பந்தயப் பரிசை வெல்வதற்காக, அயர்லாந்தின் மூவிலைச் செடியின் பெயரால் ஷம்ரொக் என்னும் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுவித்தார். 1901 மே மாதத்தில் இரண்டாவது ஷம்ரொக்கை வெள்ளோட்டம் பார்க்கையில், மன்னர் அதன் தளத்தில் இருக்கும்போதே, காற்றின் வேகத்திற் பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. நல்லகாலமாக எவருக்கும் ஊறு நேரவில்லை. மறுநாள் உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அச்செய்தியையே பேசின. மன்னர் பெயருக்கு அருகே லிப்டன் பெயர். அத்தகைய விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியுமா?

1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்துமுறை போட்டியிட்டார், ஐந்துமுறையும் தோற்றார். தோற்றபோதெல்லாம் முகங்கோணாமல் வென்றவரை வாழ்த்தினார். அந்தப் பண்புக்காக அமெரிக்க மக்கள் அவரை வென்றவரினும் மேலாக நேசித்தனர். 1930இல் தம்முட் பணம் சேர்த்து அவருக்கென்றே பொற்கிண்ணம் ஒன்று செய்து கொடுத்தனர். அமெரிக்காவில் அவருடைய தேயிலை பெற்ற இடத்துக்கும் இத்தோல்விகளுக்கும் உள்ள தொடர்பை வாணிபம் பயிலும் மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

இவ்வளவு இருந்தும், உயர்குலத்தார் அவரைத் தம்முள் ஒருவராகக் கொள்ளவில்லை. ஆங்கில மன்னர் தம் பலசரக்குக்காரரோடு ஓடம் விடப் போயிருக்கிறார் என்று ஜெர்மானியச் சக்கரவர்த்தி வில்லியம் கேலி செய்ததாகச் சொல்லப்படுகிறது. கவுஸ் என்னுமிடத்திலுள்ள அரச பாய்க்கப்பற் சங்கம், மன்னரின் நண்பராகிய லிப்டனைத் தன் அங்கத்தவராகச் சேர்த்துக்கொள்ள 1931வரை காத்திருந்தது. அவ்வாண்டிலேதான் அவர் இறந்தார். சாதி என்பது நம் நாட்டுக்கே உரிய நோய் என்று எண்ணி நாணுகிறவர்கள் இதையும் அறிந்திருத்தல் நன்று.

பிரான்சின் முன்னாட் பேரரசி யூஜினியும் அவருடைய நண்பர். 1908இல் அவ்வம்மையார் இலங்கைக்கு வந்துசென்றார். தம்பேதன்னை மலையுச்சியில், தேயிலைத் தூறுகளுக்கு மேலே முகில் தவழும் ஓரிடத்தில் லிப்டன் தம் விருந்தினருடன் அமர்ந்து நாடு பார்ப்பது வழக்கம் என்பர். லிப்டன் ஆசனம் என்றே அவ்விடத்துக்குப் பெயர் வழங்குகிறது. வானம் தெளிந்த காலையில் அங்கிருந்து பார்த்தால் மலைகள் படிப்படியாக இறங்கித் தெற்குச் சமவெளியிற் கலப்பதைக் காணலாம்.

முதல் உலகப் போர் மூண்டபோது அவர் நடந்துகொண்ட முறை அவர்மீது நமக்குள்ள மதிப்பை உயர்த்துகிறது. செர்பியா நாட்டில் கொடிய சன்னிக்காய்ச்சல் பரவி, மருத்துவரும் தாதியரும் மடிந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், எரின் கப்பலில் மருத்துவக் குழுவினரையும் மருந்துகளையும் ஏற்றிச் சென்று, தாமே அந்நாட்டு வைத்தியசாலைகளைச் சுற்றிப் பார்த்தார். வயது அறுபத்தாறு. நிஷ் நகரத்தார் அவரைத் தம் நகரின் கௌரவக் குடிமகனாக்கினர். பின்னர் கடற்படையிடம் சேர்ந்த எரின், 1916இல் மால்ற்றாவுக்கு அருகே கண்ணிவெடியில் மோதி மூழ்கியது.

மணம் செய்யாமலே வாழ்ந்து, 1931 ஒக்ரோபர் 2ஆம் நாள், இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஒசிட்ஜ் இல்லத்தில் எண்பத்துமூன்றாம் வயதிற் காலமானார். கிளாஸ்கோவில் தாய் தந்தையரின் பக்கத்திலே அடக்கம் செய்யப்பட்டார். செல்வத்தின் பெரும்பகுதியை அந்நகரத்து வைத்தியசாலைகளுக்கும் ஏழைகளுக்கும், சிறப்பாக ஏழைத் தாய்மாருக்கும், தம் அன்னையின் நினைவாக எழுதிவைத்திருந்தார். பிறந்த ஊரை மறவாத பெருமகன் என்று கிளாஸ்கோ மக்கள் அவரைப் போற்றுவது முற்றும் தகும்.

அதே 1931இலே இலங்கையில் நடந்தவற்றையும் சொல்லவேண்டும். டொனமூர் சீர்திருத்தத்தின்படி வளர்ந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்து, அவ்வாண்டுத் தேர்தலில் தோட்டத்துத் தமிழரும் வாக்களித்தனர். தோட்டத் தொழிலாளருக்கென்று கோ. நடேசையர் தொழிற்சங்கம் அமைத்ததும் அவ்வாண்டிலே. படத்தில் இருந்த பெண்ணின் மகளுக்குப் பெயரும் வாக்கும் கிடைத்த காலம் அது. 1947இற் பதுளைத் தொகுதியினர் தம் இரு பிரதிநிதிகளுள் ஒருவராக இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. 1952 தேர்தலில் அம்மக்களுட் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை.

1954 ஏப்பிரலில் எலிசபெத் மகாராணியார் கணவரோடு இலங்கைக்கு விஜயம் செய்தார். அப்போது அவர் சட்டப்படி இலங்கைக்கும் அரசியார். முடிசூட்டு விழாவில் அணிந்த உடையை அணிந்தே கொழும்பிற் பாராளுமன்றக் கூட்டத்தைத் திறந்துவைத்தார். கண்டியிற் பெரஹரா கண்டார். அவர் காரில் ஒருகணம் கடந்து செல்வதைக் காண மக்கள் மணிக்கணக்கில் வெயிலிற் காத்துநின்றனர். நம் பழைய மாணவருள் மூத்தோர் சிலர் அந்நாளில் வகுப்பறைச் சுவரில் அவருடைய படம் தொங்கியதை மறந்திரார். அந்த அரசியாரின் பாட்டனாருடைய தந்தையார் பருகிய தேநீருக்குக் கொழுந்து கிள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள், அவர் வந்த அன்று அவருக்கும் குடிகளல்லர், வேறெவருக்கும் குடிகளல்லர். அதற்கு மூன்று மாதம் முன்னர், 1954 ஜனவரியில், நேருவும் கொத்தலாவலையும் புதுடில்லியில் அவர்களைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்திருந்தனர். அதுவும் பயன் தரவில்லை. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் புகையிரதமேறித் தலைமன்னாருக்குப் போனவர்களை வழியனுப்பச் சென்றவர்கள், அவ்வண்டிக்கு அழுகைக் கோச்சி என்றே பெயரிட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது.

கம்பனித் தோட்டங்களை 1975இல் அரசு எடுத்துக்கொண்டது. 1990களில் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று. லிப்டன் என்னும் பெயர் தோட்டத்தை விட்டு எப்போதோ பிரிந்துவிட்டது. யுனிலீவர் நிறுவனம் 2022இல் அப்பெயரையும் அதனோடு சேர்ந்த தேயிலை வாணிகத்தையும் 450 கோடி யூரோவுக்கு விற்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் எலிசபெத் அரசியார் மறைந்தபோது இலங்கையிலும் துக்கதினம் அனுட்டிக்கப்பட்டது.

தம்பேதன்னை ஸ்டோரிலிருந்து லிப்டன் ஆசனத்துக்கு ஏழு கிலோமீற்றர் ஏற்றம். வெளிநாட்டவரும் உள்நாட்டவருமாகப் பலர் விடியற்காலையிலேயே முச்சக்கர வண்டியிற் செல்கின்றனர். உச்சியில், கையிற் கோப்பையுடன் அமர்ந்த கோலத்தில் அவருக்கு ஒரு சிலை. அதன் அருகில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்ளாதவர் குறைவு. முகில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டுமென்று அவர்கள் விரைந்து திரும்பும் நேரத்திலே, தலையிற் கயிறு மாட்டிய கூடையோடு பெண்கள் பிரட்டு முடிந்து அதே பாதையில் மலைக்கு ஏறிக்கொண்டிருப்பார்கள்.